காங்கயம் மேட்டாங்காட்டில் கடுகு: யூரியா கூடியும் விளைச்சல் குறைந்தது ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். காங்கயத்திற்குத் தெற்கே எங்களுக்கு மழையை நம்பிய மூன்று ஏக்கர் மேட்டாங்காடு இருக்கிறது. செம்மண் நிலம், ஒரு மூலையில் சுக்கான்கல் எனும் சுண்ணாம்புப் பாறை மேலேயே தெரியும். எங்கள் அப்பாரு காலத்தில் ராகிக்குள் ஊடாகக் கடுகு போட்டு வீட்டுச் செலவுக்கு எடுத்ததுண்டு. சென்ற ஆண்டுதான் முதன்முறையாக மூன்று ஏக்கரிலும் தனிப்பயிராக விதைத்தோம். கார்த்திகைக் கடைசியில் ஏக்கருக்கு 4 கிலோ விதையை வீசி விதைத்து, ஒரு மூட்டை டிஏபி அடியுரமாகவும், இருபதாம் நாளும் நாற்பதாம் நாளும் ஒவ்வொரு மூட்டை யூரியாவும் போட்டோம். அதன் பிறகு இரண்டு தூறல்தான் விழுந்தது. செடி முதலில் நன்றாக வந்தது. பின்னர் நுனி இலைகள் வெளுத்துக் கிண்ணம்போலக் குவிந்தன, பூவும் வெளிறிவிட்டது. ஏக்கருக்கு 160 கிலோதான் கண்டது. செக்கில் ஆட்டியபோது எண்ணெயும் குறைவு. இந்த ஆண்டு யூரியாவைக் கூட்டி, வேம் எனும் வேர்ப் பூஞ்சாணமும் 19:19:19 தெளிப்பும் சேர்க்கும்படி உரக்கடையில் சொல்கிறார்கள். ஆழ்குழாய்க் கிணற்றில் ஒரு தண்ணீர் பாய்ச்சும் அளவுக்கு நீர் உண்டு, சற்று உப்பு. வருகிற ஐப்பசிக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்? மண்ணும் விதையும் சிறு பொட்டலங்களில் இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

யூரியாவைக் கூட்ட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் போட்டதே மானாவாரிக் கடுகுக்கு மூன்று மடங்கு. ஒரு மூட்டை டிஏபியில் 9 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) 23 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இருக்கின்றன. 45 கிலோ மூட்டையாக வரும் யூரியா இரண்டில் 41 கிலோ தழைச்சத்து. ஆக ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்தை நிலத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இது இறவையில், அதுவும் இரண்டு மூன்று தண்ணீர் உறுதியாகக் கிடைக்கும் தோட்டக்காலில் இடும் அளவு. மானாவாரிக் கடுகுக்கு எக்டருக்கு 40 கிலோ தழை, 20 கிலோ மணி, 20 கிலோ சாம்பல் சத்து (பொட்டாசியம்) என்பதே பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. ஏக்கருக்கு 16, 8, 8 கிலோ. அப்படியிருந்தும் பயிர் வெளுத்தது என்றால், குறைந்தது தழைச்சத்து அல்ல.

எது குறைந்தது என்பதை உங்கள் கடிதத்தின் ஒரே வரி காட்டிக்கொடுக்கிறது. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலைகள். ஏனெனில் செடி பழைய இலைகளிலிருந்து அந்தச் சத்தை உருவி, வளரும் நுனிக்கு அனுப்பிவிடும். கந்தகத்தை அவ்வாறு எளிதில் இடம் மாற்ற இயலாது என்பதால், அது குறைந்தால் முதலில் வெளுப்பது நுனியிலுள்ள இளம் இலைகள். கடுகுக் குடும்பத்துச் செடிகளில் இலை கிண்ணம்போல உட்குவிவதும், இலையின் அடிப்புறமும் தண்டும் செந்நீலம் பாய்வதும், எலுமிச்சை மஞ்சளாக இருக்க வேண்டிய பூ பழைய துணிபோல வெளிறுவதும் கந்தகப் பற்றாக்குறைக்கே உரிய அடையாளங்கள். நீங்கள் இட்ட டிஏபியிலும் யூரியாவிலும் கந்தகம் சிறிதளவும் கிடையாது. போதாக்குறைக்கு, கந்தகம் இல்லாத இடத்தில் தழைச்சத்தை மேலும் மேலும் கொடுத்தால் செடி அதைப் புரதமாக மாற்ற முடியாமல் தவிக்கும். பற்றாக்குறை தணிவதற்குப் பதில் முற்றும். மெத்தென்ற இலையை நாடி அசுவினிப் பூச்சியும் வந்து சேரும்.

கடுகுக்குக் கந்தகம் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் அல்ல, சோற்றுக்கு அடுத்த குழம்பு. ஒரு டன் தானியம் விளையச் சுமார் 3 முதல் 4 கிலோ கந்தகம் போதுமென்றால், ஒரு டன் எண்ணெய்வித்துக்குச் சுமார் 12 கிலோ வேண்டும். தாளிக்கும்போது மூக்கில் ஏறும் அந்தக் காரமே கந்தகம் சேர்ந்த பொருளால் வருவதுதான். உங்கள் கடுகில் காரம் குறைந்திருந்ததா என்று எழுதவில்லை. வீட்டில் அரைத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள், எனக்குப் பதில் தெரியும் என்றே நினைக்கிறேன்.

இனி அந்த இரண்டு மூட்டை யூரியா எங்கே போயிற்று என்பது. நீங்கள் அனுப்பிய மண்ணை ஒரு பீங்கான் தட்டில் பரப்பி, நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டேன். சோடா பாட்டிலைத் திறந்தாற்போலச் சீறிக்கொண்டு நுரைத்தது. அது சுண்ணாம்பு மிகுந்த மண். இத்தகைய மண்ணில் யூரியாவை மேலே தூவிவிட்டு மழைக்குக் காத்திருந்தால், அது காத்திருக்காது. விடியற்காலைப் பனி ஈரமே அதைக் கரைத்து அம்மோனியாவாக மாற்றப் போதும். ஆனால் மண்ணுக்குள் இறக்கிவிட அந்த ஈரம் போதாது. வெயில் ஏறும்போது அம்மோனியா காற்றோடு போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பல்லடம் பக்கம் ஒரு காட்டில், மழை வரும் என்று நம்பி நானே யூரியா தூவச் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். வரப்பில் குந்தி முகத்தைத் தாழ்த்தியதும் கண் எரிந்தது; முடிதிருத்தும் கடையில் எப்போதாவது வீசுமே, அந்த நெடி. காட்டுக்காரர் ஒரு சொல்லும் சொல்லாமல் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. காய்ந்த மேற்பரப்பில் மேலுரம் என்ற பேச்சை அன்றோடு விட்டேன்.

மேட்டாங்காட்டில் உரம் ஈரத்தைத் தேடிப் போகாது. ஈரம் இருக்கும் இடத்தில் நாம்தான் உரத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆகவே உரக்கணக்குக்கு முன் ஈரக்கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஓர் அடி ஆழமுள்ள செம்மண், பயிர் உறிஞ்சிக்கொள்ளும்படியாகச் சுமார் 3 சென்டிமீட்டர் மழையைப் பிடித்து வைக்கும். நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்து ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு காட்டில் ஏழெட்டு இடங்களில் குத்திப் பாருங்கள். ஈரம் உள்ள ஆழம் வரை கடப்பாரை சோற்றில் கரண்டி இறங்குவதுபோல இறங்கும். காய்ந்த மண்ணிலோ சுக்கானிலோ முட்டினால் கை அதிரும். மூன்றடி இறங்கும் இடத்தில் 9 சென்டிமீட்டர் நீர் சேமிப்பாக இருக்கிறது. ஓர் அடியிலேயே சுக்கான் முட்டும் இடத்தில் 3 சென்டிமீட்டர்தான். கடுகு தன் ஆயுளுக்குக் குறைந்தது 20 சென்டிமீட்டர் நீரையாவது கேட்கும் பயிர். அதன் ஆணிவேர் ஒரு மீட்டருக்கும் கீழே போய் ஈரம் தேடும் வல்லமை உடையதுதான். ஆனால் போக இடம் இருக்க வேண்டும்.

எனவே, கடப்பாரை ஒன்றரை அடிக்குள் முட்டுகிற அந்தச் சுக்கான்கல் மூலையைக் கடுகிலிருந்து விட்டுவிடுங்கள். அங்கே எந்த உரமும் பலிக்காது. கொள்ளு விதையுங்கள், அல்லது உங்கள் ஊர் வழக்கப்படி கிளுவை வேலி போட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலுமாக மேய்ச்சல் நிலமான கொறங்காடாக விட்டுவிடுங்கள். காங்கயம் மாட்டை வளர்த்த நிலம் அது; அதற்கு அதில் ஒரு குறைவும் இல்லை. மீதியிருக்கும் இரண்டு ஏக்கருக்கு மட்டுமே கீழே சொல்பவை அனைத்தும்.

கடுகின் சொந்த நாடு ராஜஸ்தானும் ஹரியாணாவும். நாட்டின் கடுகில் ஏறத்தாழப் பாதி ராஜஸ்தானில் விளைகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1993-இல் கடுகுக்கென்றே தனி ஆராய்ச்சி மையத்தை அங்குள்ள பரத்பூரில் அமைத்தது. அவ்வூர் மானாவாரி உழவர்கள் மழைக்காலம் முழுவதும் நிலத்தைப் பயிரில்லாமல் போட்டு, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் உழுது பரம்படித்து ஈரத்தை மூடி வைத்து, மழை நின்ற பிறகு அக்டோபரில் அந்தச் சேமிப்பின் மேல் விதைக்கிறார்கள். பிறகு மாவட் என்று அவர்கள் சொல்லும் குளிர்காலத் தூறல் ஒன்றிரண்டு கிடைத்தால் கொண்டாட்டம்தான். அந்த முறையில் நாம் கடன் வாங்கத்தக்கது ஈரச் சேமிப்பு ஒன்று மட்டுமே. அவர்களுக்கு மழை முன்னால், விதைப்பு பின்னால். நமக்கு வடகிழக்குப் பருவமழை விதைத்த பின்பும் தொடர்கிறது. அவர்களிடம் உள்ள குளிர் நம்மிடம் இல்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே 10 பாகைக்கும் கீழே இறங்கும். அதனால் அங்கே 130 நாளுக்கு மேல் நிற்கும் பயிர் இங்கே 90 அல்லது 100 நாளில் முதிர்ந்துவிடும். நாள் குறைந்தால் விளைச்சலும் குறையும். நாட்டின் சராசரியாகிய ஏக்கருக்கு ஏறத்தாழ 600 கிலோ என்பதை மேட்டாங்காட்டில் எதிர்பார்க்க வேண்டாம். அதில் பாதி கிடைத்தால் நல்ல விளைச்சல் என்பேன்.

நம்மிடம் இருக்கும் கொஞ்சக் குளிரைப் பயிருக்குக் கொடுக்க வேண்டுமானால் விதைப்பு தவறக் கூடாது. கார்த்திகைக் கடைசியில் விதைத்ததால் உங்கள் பயிர் தையில் பூத்து, மாசி வெயிலில் காய்பிடித்தது. பூவுக்கும் காய்க்கும் ஆகாத காலம் அது. சூடு ஏறினால் பூ கொட்டும், விதை சுருங்கும், எண்ணெய் குறையும். ஐப்பசி முதல் பாதியில், முதல் நல்ல மழைக்குப் பின் விதைத்தால் கார்த்திகையில் பூத்து, மார்கழிப் பனியில் காய் முற்றும். ஐப்பசி கடந்துவிட்டால் அந்த ஆண்டு கடுகை விட்டுவிட்டுக் கொள்ளுக்குப் போவதே மேல். உரத்தைக் கூட்டி நாளை ஈடுகட்ட முடியாது.

நிலம் தயாரிப்பதை ஆடியிலேயே தொடங்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுத செம்மண்ணில் முக்கால் அடிக்குக் கீழே இறுகிய தட்டு ஒன்று உருவாகியிருக்கும். கடப்பாரை நடுவில் ஒருமுறை அதிர்ந்து, பிறகு மீண்டும் இறங்கினால் அதுதான். உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் ஒரு முறை, அதற்குக் குறுக்காக ஒரு முறை கீறிவிடுங்கள். மண் காய்ந்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். ஈரத்தில் கீறினால் தட்டு உடையாது, வெண்ணெயில் கத்தி விட்டதுபோலக் கோடு விழும், அவ்வளவே. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். பின்னர் சரிவுக்குக் குறுக்கே உழுது, சால்களை ஆங்காங்கே மண்ணால் அணைத்து விட்டால், புரட்டாசி மழை ஓடாமல் நின்று இறங்கும். ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு 40,000 லிட்டர். அதைப் பக்கத்துக் காட்டுக்கு அனுப்பிவிட்டு ஆழ்குழாயில் தேடுவானேன்?

தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன் என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். இருந்தால் போடுங்கள், பெரும்பாலும் இராது. ஆட்டுப்பட்டி போட முடியுமானால் அதுவே மேட்டாங்காட்டுக்குத் தகுந்தது. ஆனால் சுண்ணாம்பு மண்ணில் பட்டி மாற்றிய மறுநாளே ஒரு மேலுழவு உழுதுவிட வேண்டும், இல்லையேல் ஆட்டு மூத்திரத்தின் தழைச்சத்தும் உங்கள் யூரியா போன வழியிலேயே போகும். காங்கயம், வெள்ளக்கோவில் பக்கம் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போல ஐந்து மடங்குக்கு மேல் நீர் பிடிக்கும் என்று கேள்விப்பட்டுப் பலர் வண்டிவண்டியாகக் கொட்டுகிறார்கள். பச்சையாகப் போடாதீர்கள். அதில் கரிமம் தழைச்சத்தைப்போல நூறு மடங்குக்கு மேல். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்கு உள்ள தழைச்சத்தைத் தாங்கள் தின்றுவிடும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்கவைத்து, கறுத்துப் பொலபொலவென்று ஆனதை மட்டும் வாங்குங்கள். பசுந்தாள் உரம் விதைக்கச் சொல்லிச் சிலர் அறிவுரை தருவார்கள். தண்ணீருள்ள தோட்டத்துக்கு அது சரி. உங்கள் காட்டில் அது கடுகுக்குரிய ஈரத்தைக் குடித்துவிடும் என்பதால் நான் சொல்ல மாட்டேன்.

இப்போது உரம். விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு, அதாவது புரட்டாசி நடுவில், ஏக்கருக்கு 300 கிலோ நன்கு மக்கிய தொழுவுரத்தைச் சலித்து, அதில் ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரப்படுத்தி, மர நிழலில் குவித்து மூடி வையுங்கள். இதை ஊட்டமேற்றிய தொழுவுரம் என்பார்கள். சுண்ணாம்பு மண்ணில் மணிச்சத்தைத் தனியாகத் தூவினால் சுண்ணாம்பு அதைப் பிடித்துக் கல்லாக்கிக்கொள்ளும். எருவோடு ஊறிய மணிச்சத்து அவ்வளவு விரைவில் சிக்காது. அந்த ஒரு மூட்டையில் 8 கிலோ மணிச்சத்து இருக்கிறது. அத்தோடு ஐந்தரைக் கிலோவுக்குக் குறையாத கந்தகமும் வந்துவிடுகிறது. டிஏபிக்குப் பதில் சூப்பர் என்ற இந்த ஒரே மாற்றத்தைச் சென்ற ஆண்டே செய்திருந்தால் உங்கள் பூ இவ்வளவு வெளிறியிராது.

விதைக்கும் நாளில் 40 கிலோ அமோனியம் சல்பேட் சேருங்கள். அதில் 8 கிலோ தழைச்சத்தும் ஒன்பது கிலோவுக்கு மேல் கந்தகமும் உண்டு. சூப்பரில் வந்ததையும் கூட்டினால் கந்தகம் ஏக்கருக்குச் சுமார் 15 கிலோ. கடுகுக்கு அது போதும். அமோனியம் சல்பேட்டையும் சுண்ணாம்பு மண்ணின் மேல் தூவக் கூடாது, அதுவும் ஆவியாகும். முதல் ஏர்ச்சாலில் ஊட்டமேற்றிய எருவையும் உரத்தையும் போட்டு மூடிவிட்டு, அதை ஒட்டி இரண்டங்குலம் தள்ளி, அதைவிட மேலாக விதையைப் போடுங்கள். ஒரே சாலில் உரத்தையும் விதையையும் போட்டால் உரத்தின் உப்பு முளையைக் கருக்கிவிடும். மேலே காய்ந்தாலும் மூன்று நான்கு அங்குலத்துக்குக் கீழே ஈரம் நிற்கும். வேர் போகும் வழியில் உரம் காத்திருக்கும்.

அமோனியம் சல்பேட் பல கடைகளில் கிடைப்பதில்லை என்பதை அறிவேன். அப்போது சூப்பரையும் விட்டுவிட்டு, 20:20:0:13 என்று அச்சிட்ட காம்ப்ளக்ஸ் 40 கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டையின் நான்காவது எண்ணைப் பலர் கவனிப்பதில்லை; அது கந்தகத்தின் அளவு. அதில் 8 கிலோ தழை, 8 கிலோ மணி, 5 கிலோ கந்தகம் வந்துவிடும். மீதிக் கந்தகத்துக்கு 60 கிலோ ஜிப்சத்தைக் கடைசி உழவில் போட்டுவிடலாம். நிலக்கடலைக்குப் பூத்து விழுது இறங்கும்போது ஜிப்சம் வைத்துப் பழகிய கை நம்முடையது. கடுகுக்கு அவ்வளவு தாமதம் கூடாது, அடியிலேயே போய்விட வேண்டும். அந்தக் காட்டில் முந்தைய பயிர் ஜிப்சம் வைத்த கடலையாக இருந்தால் கந்தகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். தனிக் கந்தகம் என்று குருணையாக விற்பது மண்ணில் நுண்ணுயிர் பட்டு மாறினால்தான் பயிருக்கு ஆகும். அதற்கு ஈரமும் வாரங்களும் வேண்டும். 90 நாள் பயிருக்கு, காய்ந்த மண்ணில், அதை நம்ப வேண்டாம்.

எஞ்சிய 8 கிலோ தழைச்சத்துக்கு 17 கிலோ யூரியா போதும். இருபத்தைந்தாம் நாளை ஒட்டி மண் நனைய மழை பெய்தால், மறுநாளே வரிசையின் ஓரத்தில் கீறிப் போட்டு மண்ணால் மூடுங்கள். மழை பெய்யாவிட்டால் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். அந்தப் பணம் உங்களுடையதாகவே இருக்கட்டும். சாம்பல் சத்து நம் செம்மண்ணில் பல இடங்களில் நடுத்தரத்துக்கு மேலேயே இருப்பதால், மண் ஆய்வில் குறைவு என்று வந்தால் மட்டும் 13 கிலோ பொட்டாஷ் சேருங்கள்.

சுண்ணாம்பு மண்ணில் துத்தநாகமும் பயிருக்கு எட்டாமல் போகும். ஆய்வில் குறைவென்றால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தனியாகப் போடுங்கள். சூப்பரோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று முடக்கிவிடும். போரானை ஆய்வு முடிவு இல்லாமல் தொடாதீர்கள். குறைவுக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள வெளி அதில் மிகக் குறுகலானது.

வேர்ப் பூஞ்சாணம் பற்றி: அது நல்ல பொருள்தான். உங்கள் ராகிக்கும் வெங்காயத்துக்கும் போடுங்கள். கடுகு, முட்டைக்கோசு, முள்ளங்கிக் குடும்பத்தின் வேர்கள் அந்தப் பூஞ்சாணத்தோடு உறவே வைத்துக்கொள்வதில்லை. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பயிருக்கும் ஒரே துண்டறிக்கையைக் காட்டுகிறார். விதை நேர்த்திக்கு வேண்டுமானால் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள் ஒவ்வொரு பொட்டலம் போதும். 19:19:19 தெளிப்பில் மூன்று பேரூட்டங்கள் மட்டுமே. உங்கள் குறையாகிய கந்தகம் இல்லை. கந்தகமுள்ள சல்பேட் ஆப் பொட்டாஷை 200 லிட்டர் நீரில் 2 கிலோ கரைத்துத் தெளித்தால்கூட ஏக்கருக்குச் சேரும் கந்தகம் ஏறத்தாழ 350 கிராம்தான். 15 கிலோ பசிக்கு அது ஒரு வாய்ச் சோறு. பூக்கும் தருணத்தில் பத்துப் பதினைந்து நாள் மழையில்லாமல் இழுத்தால், தயோயூரியாவை லிட்டருக்கு அரை கிராம் வீதம் கலந்து மாலையில் ஒருமுறை தெளிக்கலாம். ராஜஸ்தான் வறட்சியில் அது உதவுவதைக் கண்டிருக்கிறார்கள். இதுவும் தாங்குகட்டைதான், தூண் அல்ல.

விதையைப் பற்றி ஒரு குறை. பொட்டலத்தில் நீங்கள் அனுப்பியது மளிகைக்கடைக் கடுகு என்று கண்டதும் தெரிந்தது. சிறிதும் பெரிதும், கறுப்பும் பழுப்புமாகக் கலந்திருக்கிறது. ஆயிரம் விதை எண்ணி நிறுத்தேன்: இரண்டரை கிராமுக்குச் சற்றுக் கூடுதல். நல்ல ரக விதையென்றால் நான்கைந்து கிராம் இருக்க வேண்டும். இந்தச் சிறு விதையை ஏக்கருக்கு 4 கிலோ வீசினால் பதினைந்து லட்சம் விதைகள். ஒன்றரை அடி வரிசையில் அரையடிக்கு ஒரு செடி என்றால் ஏக்கருக்கு 60,000 செடிதான் நிற்க வேண்டும். முளைத்ததெல்லாம் நின்றதால், பூப்பதற்கு முன்பே உங்கள் காட்டின் ஈரத்தைத் தங்களுக்குள் போட்டி போட்டுக் குடித்துத் தீர்த்துவிட்டன. சான்றளித்த விதை ஏக்கருக்கு 2 கிலோவுக்கு மேல் வேண்டாம். அதை இரண்டு மூன்று பங்கு மணலோடு கலந்து, ஓர் அங்குல ஆழத்தில் வரிசையாகப் போடுங்கள். விதைத்த மறுநாள் மழை அடித்துச் செம்மண் பொருக்குத் தட்டினால் முள்மிளாறை இழுத்துப் பொருக்கை உடைத்து விடுங்கள்; இவ்வளவு சிறிய முளைக்கு அதைத் தூக்கும் வலு கிடையாது. பதினைந்தாம் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் இடையில் கூடுதல் செடிகளைக் கலைத்துவிடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. பிடுங்கிய நாற்று நல்ல கீரை. களிக்குக் கடைந்து ஊற்றினால் ஆள் கூலியில் கொஞ்சம் வீட்டுக்கே திரும்பிவிடும்.

ஆழ்குழாயின் ஒரு தண்ணீரைப் பூ அரும்பும் சமயத்தில், முப்பதாம் நாளை ஒட்டிக் கொடுங்கள். 4 சென்டிமீட்டர் பாய்ச்ச ஏக்கருக்கு 1,60,000 லிட்டர் வேண்டும்; மணிக்கு 2,000 லிட்டர் இறைத்தால் எண்பது மணி நேரம். ஆகவே இரண்டு ஏக்கருக்கும் ஈரம் காட்டிவிட்டுப் போவதைவிட, ஆழமான மண்ணுள்ள ஒரு ஏக்கரில், ஒரு சால்விட்டு ஒரு சாலாகப் பாய்ச்சுவதே பயன் தரும். கடுகு ஓரளவு உப்பைத் தாங்கும். முளைக்கும் பருவத்தில் மட்டும் தாங்காது. நீரையும் ஒரு பாட்டிலில் ஆய்வுக்குக் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் 4-க்கு (dS/m) மேல் வந்தால் பாய்ச்சுவதையே விட்டுவிடுங்கள். ஒரு பயிருக்காக மண்ணில் உப்பேற்றினால் அடுத்த பயிர் அதைச் சுமக்கும்.

மண் மாதிரியை ஆடிக்குள் எடுத்துவிடுங்கள். வரப்பு, மர நிழல், எருக்குழி, சுக்கான் மூலை ஆகியவற்றை விட்டு, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்தைப்போல வெட்டி, குழியின் பக்கவாட்டு மண்ணை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். இரும்புத் தகர வாளி துத்தநாகக் கணக்கைக் கெடுத்துவிடும். நிழலில் உலர்த்தி நான்காகப் பகிர்ந்து எதிரெதிர்ப் பங்கை நீக்கிக்கொண்டே வந்து அரைக் கிலோவில் நிறுத்துங்கள். இரண்டு ஏக்கரின் மண் நிறம் வேறானால் இரண்டு பைகள். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் கந்தகம், துத்தநாகம், போரான் உட்படப் பன்னிரண்டு அளவுகள் உண்டு. ஆனாலும் தழை, மணி, சாம்பல் மூன்றை மட்டும் பார்த்து எழுதிக்கொடுத்த அட்டைகளை நானே கண்டிருக்கிறேன். ஆகவே பையின் மேல் உங்கள் பெயரும் புல எண்ணும் எழுதும்போதே, அடுத்த வரியில் "கடுகு விதைக்க, கந்தகமும் பார்க்கவும்" என்று எழுதிவிடுங்கள். கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்குக் கீழே வந்தால் மேலே சொன்ன 15 கிலோ முழுமையாக. 20-ஐத் தாண்டி வந்தால் என் கணிப்பு தவறு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.